நூறு பேர் கேட்ட பதினோராம் பாகம்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் தொடங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியைத் தட்டித் தட்டி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பல்வலி என்று நினைத்தேன்.

“நாசம் பண்ணிட்டானுங்க சார்.”

“பல்லையா?”

“பதினோராம் பாகத்தை.”

‘சாம்பல் கோட்டை’ என்று ஒரு கணினி விளையாட்டாம். நாமே ஒரு வீரனாக மாறி, துணைக்கு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, காடு மலையெல்லாம் அலைந்து, குறுக்கே வரும் அரக்கர்களை வெட்டி, கடைசியில் கோட்டையைப் பிடிக்க வேண்டும். பிடித்த கோட்டை அடுத்த பாகத்தில் மறுபடியும் பறிபோய்விடும். இப்படியே பத்து பாகம் வந்து, இப்போது பதினொன்று.

“முதல் பத்தும் நல்லா இருந்துச்சா?”

“பத்தாவதும் நாசம்தான். ஆனா அது நம்ம நாசம் சார்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக வீட்டுக்கு வந்து ரசிகர்களின் குறைகளைப் படிக்க ஆரம்பித்தேன். விளையாட்டை விளையாடவில்லை; குறைகளை மட்டும் படித்தேன். சிரிப்பதற்காகத்தான் படித்தேன். ஆயிரக்கணக்கான வசவுகளுக்கு நடுவே ஓரிடத்தில் ‘நன்றி’ என்று ஒரே ஒரு சொல் கிடந்தது. கல்யாண வீட்டில் தவறிப்போய் நுழைந்துவிட்டவரைப்போல, யாரையும் இடிக்காமல், ஓரமாக. அதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை; தெரிந்துவிட்டால் கதை எழுத முடியாது. இனி வருவதெல்லாம் புளுகு.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“நகரத்தின்மேல் சாம்பல் நிற மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில் —”

(விட்டேன். விளையாட்டின் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. மேகத்திலும் கொட்டினால் படிப்பவருக்குத் தும்மல் வரும்.)

இரண்டாவது:

“மனிதன் ஏன் குறை சொல்கிறான்? குகைச் சுவரில் முதல் மனிதன் இரண்டாவது மானை வரைந்து முடித்தபோது, பின்னால் நின்றவன் ‘போன மான் அளவுக்கு இல்லை’ என்று —”

(இது கட்டுரை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். எடுத்ததை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள்.)

மூன்றாவது:

“பிரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.”

(இதுவே போதும்.)

3

பிரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாம்பல் கோட்டையைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நான்காவது மாடியில், தண்ணீர் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவர் மேசை. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘ரசிகர் உறவு மற்றும் உணர்வுப் பகுப்பாய்வு மூத்த அலுவலர்’ என்று நெருக்கி அச்சிட்டிருந்தார்கள். செய்த வேலை இதுதான்: வருகிற குறைகளைப் படித்துப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது. கதையைப் பற்றிய குறை ஒரு பெட்டி. சண்டையைப் பற்றியது ஒன்று. படம், ஒலி, விலை என்று தனித்தனியாக. வெறும் வசவுக்கும் ஒரு பெட்டி உண்டு. அது பெரிய பெட்டி. பதினோரு வருடமாக — (பதினோராம் பாகத்துக்குப் பதினோரு வருடம் என்றால் யாரோ கோத்து வைத்ததுபோல இருக்கும்) — ஒன்பது வருடமாக இதே வேலை.

அந்த நிறுவனத்தில் எதற்கும் விளையாட்டிலிருந்துதான் பெயர். கூட்டம் நடக்கும் அறைகளுக்கு வாள்களின் பெயர்கள். விடுப்புக் கேட்கிறவர்கள் ‘குருதிவாள்’ அறையில் காத்திருக்க வேண்டும். சம்பள உயர்வு கிடையாது என்று சொல்லப்படுவது ‘கருணைவாள்’ அறையில். ஐந்தாவது மாடியில் படைப்புத் தலைவர் இருந்தார். அவர் நாற்காலியில் உட்காருவதில்லை. பெரிய ரப்பர் பந்து ஒன்றின்மேல் லேசாகத் துள்ளிக்கொண்டே இருப்பார். துள்ளினால்தான் ஆன்மா தூங்காதாம். ஆன்மா என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போதெல்லாம் பந்திலிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று வரும். கூட இருப்பவர்கள் சிரிப்பை அடக்க அப்போதுதான் இருமுவார்கள்.

நான்காம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஒரு குறை ஏறிப் போவதற்கு விதி உண்டு. ஒரே கோரிக்கையை நூறு பேர் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்பது பேர் சொன்னால் அது தனிமனிதப் புலம்பல். நூறாவது ஆள் வாயைத் திறந்ததும் அது ‘ரசிகப் பெருமக்களின் குரல்’.

4

பதினோராம் பாகம் வெளிவந்த வாரம் பெட்டிகள் பிதுங்கின.

“நானூறு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டேன். விளையாடவே லாயக்கில்லை.”

“முதல் பாகத்தில் மழை பெய்தால் நனைந்தோம். இதில் பெய்வது வெறும் தண்ணீர்.”

“குதிரையின் கண்ணில் பழைய சோகம் எங்கே?”

“இப்படி ஒரு பாகம் வந்ததாகவே நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டில் பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு.”

(எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் கதைகளைப் பற்றி யாரும் இவ்வளவு கோபத்தோடு எழுதியதில்லை. ‘நன்று’ என்பார்கள். ஓர் எழுத்தாளனைப் படுக்க வைக்க அந்த ஒரு சொல் போதும்.)

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெருங்குறை ஒன்று இருந்தது: அரக்கர்கள் காத்திருக்கிறார்கள்.

பழைய பாகங்களில் ஒரு கணம் தயங்கினால் தலை உருண்டுவிடும். புதிய பாகத்தில் நாம் பொத்தானை அழுத்தும்வரை அரக்கன் அடிப்பதில்லை. கோடாரியை ஓங்குவான், உறுமுவான், இடமும் வலமுமாக ஆடுவான், பல்லைக் கடிப்பான், இதோ இறக்கப் போகிறான் என்றே தோன்றும். இறக்கமாட்டான். எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அவன் அதே ஆவேசத்தோடு ஆடிக்கொண்டிருப்பான். பறக்கும் நாகம் வாய் நிறைய நெருப்பை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் பேசி முடிக்கட்டும் என்பதுபோல வட்டமடிக்கும்.

“இது போர்க்களமா, வங்கி வரிசையா?”

“அரக்கனுக்குத் தோள் வலிக்காதா? அவனுக்குச் சங்கம் கிடையாதா?”

“டோக்கன் குடுத்துட்டா இன்னும் வசதியா இருக்கும்.”

இதை யார் கேட்டார்கள் என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரின் குரலை மாடியேற்றியவர் நம் பிரிப்பாளர்.

அந்த வாரம்தான் ‘நன்றி’யும் வந்தது. நன்றிக்குப் பெட்டி இல்லை. ஒன்பது வருடத்தில் தேவைப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ‘மற்றவை’யில் போட்டார்.

5

அந்த நூறு பேரை அவருக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. ரசிகர் தளத்தில் பல வருடமாக எழுதிவந்தவர்கள். முக்கியமானவர் கோடாரி மாமா. யாரையும் திட்டாமல் அவரால் வணக்கம் சொல்ல முடியாது. பனிப்பூனை கல்லூரிப் பெண். எதற்கெடுத்தாலும் அழுவாள், அழுதுகொண்டே திருப்பி அடிப்பாள். ஓய்வுபெற்ற தளபதி என்று ஒருவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று ஆச்சரியக்குறிகளோடு முடிப்பார். நைட் டூட்டி நர்ஸ் என்று ஓர் அம்மாள், பேச்சு குறைவு. அவர் வந்தால் மற்றவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள்.

எதிரி சற்றுப் பொறுக்கட்டும் என்பதுதான் எல்லோரும் கேட்டது. காரணம்தான் ஆளுக்கொன்று. தளபதிக்கு வயதாகிவிட்டது. பனிப்பூனைக்குத் திரையில் வரும் எழுத்துகளை நிதானமாகப் படிக்க வேண்டும். கோடாரி மாமாவுக்கு, “வெட்றதுக்கு முன்னாடி அவன் மூஞ்சிய ஒருதரம் நல்லாப் பாக்கணும்டா.”

பிரிப்பாளரின் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விளையாட்டு என்றால் என்ன, அரக்கன் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாது. ஆனால் சாப்பிடும்போது இந்தத் தொடர்கதை வேண்டும்.

“கோடாரி மாமா வந்தாரா இன்னைக்கு?”

“வந்தாரு. பனிப்பூனையை, பாலைக் குடிச்சிட்டுப் போய்ப் படுன்னு விரட்டியிருக்காரு.”

“அந்தாளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. அது என்ன சொல்லுச்சு?”

“‘உங்க கோடாரி துருப்பிடிச்சு ரொம்ப நாளாச்சு மாமா’ன்னு.”

“அப்படிப் போடு!”

பிறகு பனிப்பூனைக்குப் பரீட்சை வந்தது. ஆளைக் காணோம். கோடாரி மாமா தினமும் வந்து, “எங்கடா அந்தக் கழுதை? படிக்குதா தூங்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நாட்களில் பிரிப்பாளரின் மனைவி பேருந்தில் ஏறும் பிள்ளைகளிடம், கண் விழித்துப் படிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேர்வு முடிந்து பனிப்பூனை திரும்பி வந்துவிட்டாள்; முடிவு இன்னும் வரவில்லை.

6

(இந்த இடத்தில் பிரிப்பாளரின் இளமைக்காலம் பற்றி ஒரு பகுதி இருந்தது. படித்துப் பார்த்த நண்பர், “அவருக்கு இளமைக்காலம் இருந்தால் நமக்கென்ன?” என்றார். நியாயம்தான். எடுத்தாயிற்று.)

7

‘இடிவாள்’ அறையில் படைப்புத் தலைவர் துள்ளாமல் இருந்தார். அதுவே கெட்ட சகுனம்.

“யாருய்யா அந்த நூறு பேரு?”

“நம்ம ரசிகர்கள்தான் சார். ரொம்ப வருஷமா...”

“அவங்களுக்காகத்தானே என் ஆன்மாவையே” — பந்து கீச்சிட்டது, மூலையில் யாரோ இருமினார்கள் — “கொட்டிப் பண்ணினேன்? இப்ப ஊரே என்னைக் கழுவி ஊத்துது. முதலாளிங்க வேகத் திருத்தம் போடச் சொல்றாங்க.”

வேகத் திருத்தம் என்பது இதுதான்: விளையாட்டில் ஒரு மாற்றத்தைச் செய்து இணையத்தில் அனுப்பிவிட்டால், உலகத்தில் எந்த மூலையில் எவர் வீட்டில் இருந்தாலும் விளையாட்டு தானாக மாறிவிடும். அதன்பிறகு அரக்கர்கள் காத்திருக்கமாட்டார்கள். திருத்தம் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு.

“ஒரே வழிதான் இருக்கு. அந்த நூறு பேரைக் கூட்டிட்டு வாங்க. கேமரா முன்னாடி நின்னு ‘நாங்கதான் கேட்டோம், இது எங்களுக்கு வேணும்’னு சொல்லட்டும். முதலாளிங்க வாயடைச்சுப் போவாங்க. நூறு பேரும் வேணாம், ஒரு பத்துப் பேர். பாத்தா ரசிகர் மாதிரி இருக்கணும்.”

“வரலன்னா சார்?”

“திருத்தம் போயிடும். அரக்கன் அடிப்பான். நீங்க எதுக்கு இங்க இருக்கீங்கன்னு அப்புறம் யோசிப்போம்.”

பிரிப்பாளர் தன் மேசைக்கு வந்து நூறு பேருக்கும் எழுதினார். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நூறு பேரும் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். தளபதி இல்லை, பனிப்பூனை இல்லை, கோடாரி மாமாவின் வசவு இல்லை. யாரோ விளக்கை அணைத்ததுபோல இருந்தது. மறுநாள் மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “நான் வெளிய வர முடியாது சார். நீங்க வீட்டுக்கு வர முடியுமா?”

8

மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் மெலிந்த ஆள். சட்டைப் பித்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பிரிப்பாளர் பெரிய மீசையை எதிர்பார்த்து வந்திருந்தார்.

“நீங்க...?”

“கோடாரி மாமா.”

“ஓ. மத்தவங்களோடயும் உங்களுக்குப் பழக்கம் இருக்குமே. அந்தப் பொண்ணு, பனிப்பூனை?”

“அதுவும் நான்தான் சார்.”

“தளபதி?”

“நான்தான்.”

“நைட் டூட்டி நர்ஸ்?”

“சார், கொஞ்சம் மெதுவாப் பேசலாமா? அக்கா உள்ள இருக்கா.”

சமையலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கேட்க வேண்டியது எத்தனையோ இருக்க, பிரிப்பாளரின் வாயில் வந்தது இதுதான்:

“ரெண்டு பேரும் அவ்வளவு சண்டை போட்டீங்களேங்க!”

“சண்டை போடலன்னா ஒரே ஆள்னு தெரிஞ்சிடுமே.”

“எதுக்குங்க இப்படி?”

“நீங்கதானே சார் சொன்னீங்க.”

சொல்லியிருந்தார். பல வருடம் முன்பு இந்தத் தம்பிக்காரர் சொந்தப் பெயரில் ஒரு கோரிக்கை அனுப்பியிருந்தார்: எதிரி சற்று நின்று அடித்தால் நல்லது, என் அக்காவின் விரல்கள் முன்போல ஓடவில்லை என்று. பரிதாபப்பட்டுப் பிரிப்பாளர், அலுவலக வழக்கத்தை மீறி, தன் கைப்பட ஒரு பதில் போட்டார்: ‘ஒருவர் சொன்னால் மேலே போகாது. நூறு பேர் சொன்னால் போகும்.’ முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்வதற்காக எழுதிய வரி. ஆனால் தம்பிக்காரரின் தொழில், இயந்திரங்களோடு வரும் செயல்முறைக் குறிப்பேடுகளை மொழிபெயர்ப்பது. ‘மூடியைத் திறக்கவும்’ என்றிருந்தால் மூடியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நூறு பேர் வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் நூறு பேரானார்.

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டுச் சற்று எழுந்து நடந்தேன். ஒரு கதைக்கு மூன்று பேரைக் கட்டி மேய்க்க முடியாமல் நான் திணறிக்கொண்டிருக்கிறேன். குறிப்பேடு மொழிபெயர்க்கிற ஆள், நூறு பேருக்கு நூறு குரல் கொடுத்து, சண்டை மூட்டி, சமாதானம் செய்து, பரீட்சைக்கும் அனுப்பியிருக்கிறார். அதையும் என் பாத்திரமாகவே இருந்துகொண்டு செய்திருக்கிறார். இவரை முந்தைய பிரதியில் குடிகாரராக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை.)

தம்பிக்காரர் கதவை ஒரு விரலளவு திறந்து காட்டினார்.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் அக்கா. விளையாட்டுக் கருவியின் கைப்பிடியை நாற்காலியின் கையோடு துணிப்பட்டியால் கட்டியிருந்தது. வலக்கைக் கட்டைவிரல் ஒன்றுதான் வேலை செய்தது. அதுவும் சொன்னவுடன் கேட்காது. உத்தரவு தோளிலிருந்து கிளம்பி விரலுக்குப் போய்ச் சேருவதைப் பார்க்க முடிந்தது. திரையில் கல்லரசன். நான்காம் பாகத்திலிருந்து தொடர்ந்து வரும் அரக்கன். நான்காம் பாகத்தில் இந்த அக்காவை அவன் கொன்றுபோட்டதற்குக் கணக்கே இல்லை.

கல்லரசன் ஓங்கினான். உறுமினான். ஆடினான். விரல் போய்க்கொண்டிருந்தது. கல்லரசன் மீண்டும் உறுமினான். விரல் போய்ச் சேர்ந்தது. கல்லரசன் பொடிப்பொடியாக உதிர்ந்தான்.

“டேய்! பாத்தியாடா? இன்னும் கை ஓடுதுடா எனக்கு!”

“பாத்தேன்க்கா!” என்றார் தம்பிக்காரர் சமையலறையிலிருந்து, பார்த்தவரைப்போல.

“யாருடா வந்திருக்கா?”

“தண்ணி மீட்டர் பாக்க வந்திருக்காங்க.”

“மீட்டர் அடுப்படியிலயா இருக்கு? லூசு.”

தம்பிக்காரர் கதவைச் சாத்தினார். “அவன் நிக்கிறது அவளுக்குத் தெரியாது சார். தன்னோட வேகம்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”*

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“ஒண்ணு ரெண்டு மாசம்தான்னுட்டாங்க.”

* இதை நம்ப முடியாது என்பீர்கள். நானும் யோசித்தேன். ரசிகர் தளத்தைப் படிக்காதவருக்கு, அதைப் படிக்கும் தம்பி எதையும் சொல்லாத பட்சத்தில், அரக்கன் காத்திருப்பது ஒரு விதி என்று தெரிய வழியில்லை. மிரட்டிக்கொண்டேதான் காத்திருக்கிறான். மேலும், ஜெயிக்கிறவர்கள் எதிராளி ஏன் தோற்றான் என்று ஆராய்வதில்லை. நீங்களும் நானும் ஆராய்ந்ததில்லை.

9

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப கோடாரி மாமா?”

“இல்ல.”

“அந்த நர்ஸம்மா?”

“யாருமே இல்லம்மா. எல்லாம் அவர் ஒருத்தர்தான்.”

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“அந்தப் பொண்ணு பரீட்சைல பாஸா இல்லையா?”

“அப்படி ஒரு பொண்ணே இல்லைங்கிறேன்.”

“அது புரியுதுங்க. பாஸா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு தட்டைக் கழுவ இவ்வளவு நேரம் ஆகாது என்று நினைத்துக்கொண்டே அவர் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

10

இந்த இடம்வரை ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் காட்டினேன். “கதை மெதுவாகப் போகிறது. கொஞ்சம் வேகம் கூட்ட முடியுமா?” என்று கேட்டார்.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) பிரிப்பாளர் ஐந்தாம் மாடிக்குப் போய் உண்மையைச் சொல்கிறார். படைப்புத் தலைவரின் கண்ணில் நீர் ததும்புகிறது. “இதுதான்யா ஆன்மா!” என்று பந்தைவிட்டே எழுந்துவிடுகிறார். சாயந்தரத்துக்குள் அந்தக் கூடத்தில் நாலு விளக்கு, இரண்டு கேமரா, அக்காவுக்கு முகப்பூச்சு. ‘ஒருவருக்காகக் காத்திருந்தோம்’ என்று விளம்பரம். திட்டிய ரசிகர்கள் எல்லோரும் அழுகிறார்கள். வேகத் திருத்தம் ரத்து. கல்லரசன் இனி என்றைக்கும் நிற்பான். ஏன் நிற்கிறான் என்று அந்த வெளிச்சத்தில் அக்காவுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு அவள் விரல் எதற்காகக் கிளம்ப வேண்டும்?

(ஆ) பத்து ஆட்களைத் திரட்டி நடிக்க வைப்பது. வாசல் காவலாளி தளபதியாகவும், பிரிப்பாளரின் மைத்துனன் கோடாரி மாமாவாகவும். இதை மூன்று பக்கம் எழுதினேன். மைத்துனனிடம் கேமராக்காரர் “கல்லரசன் எந்தக் கையால அடிப்பான்?” என்று கேட்க, அவன் “அடிக்கிறதெல்லாம் தப்புங்க” என்று —

(நல்ல சிரிப்பு. நீங்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். கிழித்துவிட்டேன்.)

(இ) அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். தம்பிக்காகத் தெரியாததுபோல நடிக்கிறாள். இது உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. தம்பியும் நல்லவர், அக்கா அவரைவிட நல்லவர், யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. எழுதி முடித்தபோது வாய் தித்தித்தது. பல் மருத்துவரை நினைத்துக்கொண்டு அடித்துவிட்டேன்.

11

வெள்ளிக்கிழமை காலை, ‘இடிவாள்’ அறை.

“பத்துப் பேர் எங்கய்யா?”

“இல்ல சார்.”

“வரமாட்டாங்களா?”

“அப்படி நூறு பேரே இல்ல சார். நான்தான் தப்பாப் பிரிச்சுட்டேன். எண்ணிக்கை தப்பு.”

படைப்புத் தலைவரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பல வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டதுபோல. அவர் மறுபடி துள்ள ஆரம்பித்தார்.

“அப்ப இது என் தப்பு இல்ல.”

“இல்ல சார்.”

“இதை எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதிக் கொடுத்தார். மதியத்துக்குள் நிறுவனம் அறிக்கை விட்டது: தனிநபர் ஒருவரின் கவனக்குறைவால் ரசிகப் பெருமக்களின் ஆன்மா காயப்பட்டதற்கு வருந்துகிறோம், இன்று மாலை வேகத் திருத்தம். ரசிகர்கள் உடனே அறிக்கையைப் பற்றிக் குறை எழுதத் தொடங்கினார்கள். ஏழாம் பாகத்துக்குக் கேட்ட மன்னிப்பில் இருந்த ஆழம் இதில் இல்லையாம்.

பிரிப்பாளர் மேசையைக் காலி செய்தார். வீரத்தோடு தலைநிமிர்ந்து — (இல்லை.) கண்ணில் நீர் — (அதுவும் இல்லை.) சார்ஜரைத் தேடினார். கிடைக்கவில்லை. யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது தம்பிக்காரரை அழைத்தார்.

“இணைய வயரைப் பிடுங்கிடுங்க. இப்பவே. சாயந்தரம் திருத்தம் வருது. வயர் இல்லன்னா உங்க வீட்டுக்குள்ள வராது.”

மூச்சிரைக்க ஓடும் சத்தம், எதிலோ இடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு, “பிடுங்கிட்டேன் சார். அக்கா கேட்டா?”

“லைன்ல ஏதோ வேலைன்னு சொல்லுங்க.”

“ரொம்ப நன்றி சார். உங்களுக்கு வேலைல ஒண்ணும் பிரச்சினை...?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” இரண்டு படி இறங்கினார். இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தார். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசமாகிவிடும். “ஒரு விஷயம் இருக்கு. வயர் இல்லாம ஒரு மாசம்தான் ஓடும். அதுக்கு மேல, இது நீங்க வாங்கினதுதானான்னு சரிபாக்கணும், இணைச்சாத்தான் திறப்பேன்னு நிக்கும். இணைச்ச அந்த நிமிஷமே திருத்தமும் உள்ள வந்துடும்.”

அந்தப் பக்கம் வயரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு மாசமா?”

“ஒரு மாசம்.”

“டாக்டரும் ஏறக்குறைய...” தம்பிக்காரர் முடிக்கவில்லை.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “டேய், போன்ல யாருடா? சீக்கிரம் வாயேன், கோட்டை வாசலுக்கு வந்துட்டேன்!”

12

தம்பிக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தார். கைபேசியிலும் தேதி தெரியாதபடி எதையோ மாற்றினார். பத்துத் தடவை தேதி கேட்டுவிட்ட அக்காவிடம், செவ்வாயோ புதனோ என்று பொதுவாகச் சொன்னார்.

கூடத்துக்குள் மாதம் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கு இரண்டே முடிவுகள்தான் உண்டு. ஒன்று, மாதம் முதலில் தீர்ந்துபோகும். திரை இணைப்பைக் கேட்கும். அரக்கர்கள் ஒரே அடியில் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால், மாதம் மிச்சமிருக்கும்போதே —

(முடிக்கவில்லை. தம்பிக்காரரும் இந்த இடத்தில்தான் நிறுத்தினார்.)

தன் அக்கா தோற்கக்கூடாது என்று நினைக்கும்போதெல்லாம், தான் உண்மையில் எதை வேண்டிக்கொள்கிறோம் என்பது அவருக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது. உடனே எழுந்து அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார். அவள் கேட்கவேயில்லை என்கிறாள்.

இரண்டில் எதை நான் எழுதினாலும், அதை நான் விரும்பினேன் என்றாகும். அதனால் எழுதப் போவதில்லை. பேனா என்னிடம் இருப்பதால் துணிச்சலும் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இங்கேவரை வந்துவிட்ட உங்களுக்குள் இந்நேரம் ஏதோ ஒன்று முந்தியிருக்கும். எது என்று உங்களுக்குத் தெரியும். அதை எனக்கு எழுத வேண்டாம்.